மண்ட்வாவிலிருந்து கடலோரமாகவே கோவா: நான்கு நாளில், 71 வயது அம்மாவுடன் முடியுமா?

டோம்பிவிலி வாசி

எல்லோருக்கும் வணக்கம். குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டால் ஜனவரி 23 முதல் 26 வரை நான்கு நாள் கிடைக்கும். மும்பைக்கு வந்து பதினோரு வருடமாகியும் அலிபாக்கைத் தாண்டியதில்லை. இந்த முறை கடலை வலது கைப்பக்கமே வைத்துக்கொண்டு கோவா வரை காரில் போய்த் திரும்ப வேண்டும் என்று மகன் திட்டம் போட்டிருக்கிறான். அவனுக்கு வயது பதினாறு. ஓட்டப்போவது நான்.

உடன் வருபவர்கள் மனைவி, மகன், 71 வயது அம்மா. அம்மா கும்பகோணத்துக்காரர். முட்டைகூடத் தொடமாட்டார், முழங்கால் வலி உண்டு. காரோடு படகில் ஏற வேண்டியிருக்கும் என்று சொன்ன நாளிலிருந்து, "நான் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்கிறார்.

நான்கு நாளில் கோவா போய்த் திரும்ப முடியுமா? காரோடு படகில் ஏறுவது எப்படியிருக்கும்? அம்மாவுக்குச் சாப்பாடு கிடைக்குமா? இந்த மூன்றையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சுக்கானி

தம்பி, கோவாவை மறந்துவிடுங்கள். அது நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கான ஊர். கடலோரமாகப் போக நினைப்பவர் நான்கு நாளில் தாபோலியைத் தொட்டுத் திரும்பினாலே பெரிது.

நான் யார் என்று கேட்பீர்கள். தூத்துக்குடியில் பிறந்தவன். மும்பைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் 31 வருடம் சுக்கான் பிடித்துவிட்டு, இப்போது அண்டாப்ஹில்லில் பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் வேலை பார்க்கிறேன். இந்தக் கொங்கண் கரையில் காரில் ஏழு முறை போயிருக்கிறேன். படகில் போனதற்குக் கணக்கில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் நூலிழுத்தாற்போல் கரை தெரியும். அதை நம்பாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியில் பிறக்கும் ஆறுகள் ஒவ்வொன்றும் கடலில் விழுமிடத்தில் அகன்ற கழிமுகமாகி ரோட்டை வெட்டிவிடும். ரோடு ஒரு படகுத்துறையில் போய் நின்றுவிடும், அக்கரையில் மறுபடி தொடங்கும். அகர்தண்டாவிலிருந்து திகி, பாக்மண்ட்லாவிலிருந்து வேஷ்வி, தாபோல் என்கிற ஊரிலிருந்து (தாபோலி வேறு) தோபாவே, தவ்சாலிலிருந்து ஜெய்கட் என்று வரிசையாகப் படகுகள் இருக்கின்றன. சுற்றிப் போனால் ஒவ்வொன்றுக்கும் பல மணி நேரம். ரோடும் மலையில் ஏறி, தென்னந்தோப்பில் இறங்கி, ஊர்ச் சந்தில் மாட்டுக்கு வழிவிட்டுப் போகும் ரோடு. மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் நன்றாக ஓட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தப் பயணத்தை நடத்துவது நீங்கள் அல்ல, கடல்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரிவதில்லை. தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசமிருக்காது. கரையில் போட்ட செருப்பு போட்ட இடத்தில் கிடக்கும். மும்பைப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியில் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். காலையில் பார்த்த கடற்கரை மாலையில் இருக்காது. ஏற்றத்தை இங்கே பர்த்தி என்பார்கள், வற்றத்தை ஓஹோட்டி என்பார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் எந்த ஊர்க் கோலி மீனவரிடமும் வழி கேட்கலாம்.

நேரத்தைத் தெரிந்துகொள்ளத் தொலைபேசிகூட வேண்டாம், அங்கே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மாட்டுங்காவில் விற்கும் நம் தினசரி காலண்டர் போதும். அன்றைய திதி எத்தனையாவது என்று பாருங்கள், அதை முக்காலால் பெருக்குங்கள். வருகிற எண்தான் ஏற்றம் உச்சத்துக்கு வரும் மணி. பகலுக்கும் அதுதான், இரவுக்கும் அதுதான். அதிலிருந்து ஆறே கால் மணி நேரம் தள்ளி வற்றம். இது இந்தக் கரைக்காரர்களின் பழைய கணக்கு. அரை மணி முன்பின் இருக்கும், ஆனால் மோசம் போகாது.

உங்கள் நாட்களைப் போட்டுப் பாருங்கள். வெள்ளி 23 பஞ்சமி. ஐந்தை முக்காலால் பெருக்கினால் மூன்றே முக்கால், ஆகவே வற்றம் பத்து மணி வாக்கில். சனி சஷ்டி, வற்றம் பத்தே முக்கால். ஞாயிறு ரத சப்தமி, பதினொன்றரை. திங்கள் அஷ்டமி, நடுப்பகல். உங்கள் அதிர்ஷ்டம், நான்கு நாளும் முற்பகலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஹரிஹரேஷ்வர் கோயிலின் கடலோரப் பாதைக்கு அதுதான் வேண்டும்.

வெள்ளி காலை மும்பையின் பாவ்ச்சா தக்கா படகுத்துறையிலிருந்து மண்ட்வாவுக்குக் காரோடு கப்பலில் போங்கள். 2020 மார்ச்சில் தொடங்கிய சேவை, ஒரு மணி நேரம்தான். பன்வெல், பேண் சுற்றிப் போகும் சலிப்பு மிச்சம். அலிபாக்கில் நிற்காதீர்கள். கடலுக்குள் இருக்கும் கொலாபா கோட்டைக்கு வற்றத்தில் நடந்து போகலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பஞ்சமியில் நீர் முழுதாக வடியாது, நீங்கள் போய்ச் சேர்வதற்குள் திரும்ப ஏறவும் தொடங்கிவிடும்.

ரேவ்தண்டாவில் ரோடே பழைய போர்த்துகீசியக் கோட்டை மதிலுக்குள் புகுந்து போகும். பாலத்தைக் கடந்தால் கோர்லாய். அங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தச் சின்ன மீனவ ஊரில் கிறிஸ்தவர்கள் இன்றும் வீட்டில் போர்த்துகீசியம் கலந்த ஒரு மொழி பேசுகிறார்கள். போர்த்துகீசியர் 1740ல் போய்விட்டார்கள், பேச்சு போகவில்லை. நம்மிடம் ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று சில சொற்களை விட்டுப்போனவர்கள் இங்கே மொழியையே விட்டுப்போயிருக்கிறார்கள். என் பாட்டி வீட்டுச் ஜெபப் புத்தகத்தில் இருந்த சில சொற்களை அங்கே ஒரு கிழவியிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மீன் கூடையே ஆடியது.

இரவு முருடில் தங்குங்கள். சனி காலை ராஜ்புரியிலிருந்து ஜஞ்சிராவுக்குப் படகு. ஆப்பிரிக்க வம்சாவளி சித்திகளின் கோட்டை, சிவாஜியும் அவர் மகன் சம்பாஜியும் முயன்றும் பிடிபடாதது. கிட்டே போகும்வரை வாசல் எங்கே என்றே தெரியாது. அதைக் கட்டியவன் கடல் தெரிந்தவன். ஆனால் நான் போனபோது ஆடும் படகிலிருந்து வாசல் படிக்குத் தாவ வேண்டியிருந்தது. அம்மாவைக் கரையிலேயே உட்காரவையுங்கள்.

பிறகு அகர்தண்டாவில் படகேறி திகி. அங்கிருந்து திவேஆகர். அந்த ஊரில் 1997ல் ஒரு தோப்பில் மண்வெட்டியில் தட்டுப்பட்ட பெட்டிக்குள் தங்கப் பிள்ளையார் கிடைத்தார், 2012ல் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர்க்காரர்கள் இன்னும் துக்கமாகத்தான் சொல்வார்கள். திவேஆகரிலிருந்து ஆரவி வழியாக ஸ்ரீவர்தன் போகும் ரோடு இருக்கிறதே, அதற்காகத்தான் உங்களைக் கோவாவுக்குப் போகவேண்டாம் என்கிறேன். ரோடும் கடலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். மகன் பேசாமல் வருவான்.

இரவு ஹரிஹரேஷ்வர். ஞாயிறு காலை முதலில் காலபைரவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஹரிஹரேஷ்வரரிடம் போக வேண்டும், அங்கே அதுதான் முறை. கோயிலுக்குப் பின்னால் பாறைப் படி இறங்கிக் கடலை ஒட்டியே சுற்றிவரும் பிரதட்சிணப் பாதை உண்டு. அலை அரித்த பாறை முழுக்கத் தேன்கூடு மாதிரி குழி. தண்ணீர் ஏறும்போது அந்தப் பாதையில் ஆளை இழுத்திருக்கிறது, எச்சரிக்கைப் பலகையும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பதினோரு மணிக்கு இறங்குங்கள், பன்னிரண்டரைக்கு மேல் அங்கே இருக்காதீர்கள்.

மதியம் பாக்மண்ட்லாவில் படகேறினால் சாவித்திரி ஆற்றைக் கடந்து வேஷ்வி. வேளாஸ், கேள்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை என்று இறங்கி, தாபோலிக்குக் கீழே இருக்கும் இன்னொரு முருடில் தங்குங்கள். இரண்டு முருட், குழம்பாதீர்கள். விடுதி முன்பதிவில் ஊரை மாற்றிப் போட்டுவிட்டு ராத்திரியில் திண்டாடியவர்களை நான் அறிவேன். திங்கள் காலை ஹர்ணையில் மீன் ஏலம் பார்த்துவிட்டு மண்டண்கட், மஹாட் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு வந்து சேருங்கள்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். கழிமுகத்துப் படகு என்பது தட்டையான இரும்புத் தட்டு. கார்கள், பைக்குகள், சில நேரம் பஸ்ஸும் ஏறும். அலை கிடையாது. அக்கரை போக ஏறக்குறைய கால்மணி நேரம். காரை ஏற்றும்போது அம்மாவை இறக்கி நடந்து ஏறச் சொல்லுங்கள். கைப்பிரேக் போட்டு கியரில் விட்டுவிடுங்கள். சில படகில் பின்பக்கமாக ஏறச் சொல்வார்கள். அவர்கள் கைகாட்டுவதை மட்டும் பாருங்கள், மகன் சொல்வதைக் கேட்காதீர்கள். மண்ட்வா கப்பலில் மட்டும் கார் அடித்தளத்தில் நிற்கும், நாம் மாடியேறி உட்கார வேண்டும். அம்மாவுக்கு அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாம் பீச் பயணி

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் நெடுஞ்சாலையை இவ்வளவு மட்டம் தட்ட வேண்டுமா? கசேடி மலையில் சுரங்கப்பாதை வந்துவிட்டது. விடிகாலை நான்கு மணிக்கு நெருளிலிருந்து கிளம்பி மாலைக்குள் கோவாவில் இருந்தேன். நான்கு நாளில் கோவா தாராளமாகப் போகலாம்.

பழைய சுக்கானி

போகலாம். பம்பாயிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்திலும் போகலாம். கேட்டவர் கடலைப் பார்க்க வேண்டும் என்றார், நெடுஞ்சாலை எண் 66 மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. பல மணி நேரம் ஓட்டினாலும் லாரியின் பின்பக்கம்தான் கண்ணில் படும். திரும்பும் நாளில் அதே ரோட்டைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன். மஹாட் அருகே சாவித்திரி ஆற்றைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள். 2016 ஆகஸ்டில் வெள்ளத்தில் பழைய பாலம் இரவோடு இரவாக இடிந்து, பஸ்களை அடித்துக்கொண்டு போனது அந்த ஆற்றில்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் படகில் அமைதியாகக் கடக்கப்போகிற ஆறும் அதுதான்.

முலுண்ட் வாசகி

சாப்பாட்டுக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சுக்கானி ஐயாவுக்கு மீன் ஏலத்தில்தான் கண்.

என் மாமியாரும் சைவம், இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறோம். திவேஆகர், ஹரிஹரேஷ்வர், தாபோலிப் பக்கத்து முருட், மூன்றிலும் தோப்புக்கு நடுவே வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் இருக்கின்றன. சைவம் மட்டுமே சமைக்கும் வீடுகளும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, சாப்பிட எத்தனை பேர் என்று சில மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். திடீரென்று போய் நின்றால் உலை வைத்துத்தான் போடுவார்கள்.

அம்மாவுக்குக் காலையில் காவன் கேளுங்கள், அரிசி மாவில் மெல்லிதாக வார்ப்பது. ஆம்போளி நம் ஊத்தப்பத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மதியம் கொள்ளுமாவில் செய்யும் பிட்லே, மொச்சைக் கறி, தேங்காய்ப்பாலும் குடம்புளிக்கு உறவான கோகமும் சேர்த்த சோல்கடி. உகடீச்சே மோதக் என்றால் நம் பூரணக் கொழுக்கட்டையேதான், மேலே நெய் ஊற்றித் தருவார்கள். என் மாமியார் "மடிப்பு நம்மைவிட அழகாக இருக்கிறது" என்று ஒப்புக்கொண்டார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை. காப்பித்தூளை மட்டும் கையோடு கொண்டு போங்கள், அங்கே டீதான்.

வழியில் நல்ல கழிப்பறைக்கு அலிபாக், ஸ்ரீவர்தன், தாபோலி மூன்றையும் நம்புங்கள். நடுவே படகுத்துறையில் இருப்பதை நம்பவேண்டாம். பெட்ரோலும் அங்கங்கேயே போட்டுவிடுங்கள்.

கணபதிபுலேயும் ரத்னகிரியும் விட்டுப்போகிறதே என்று அம்மா வருந்தினால், அதற்குத் தனியாக ரயிலில் போங்கள். பர்மாவின் கடைசி அரசர் தீபாவை ஆங்கிலேயர் நாடுகடத்திக் கொண்டுவந்து வைத்த ஊர் ரத்னகிரி. அவருக்காகக் கட்டிய அரண்மனை 1910ல் முடிந்தது, 1916ல் அங்கேயே இறந்தும் போனார். அதைப் பார்க்க ஒரு அரை நாளாவது வேண்டும். ஓட்டத்தில் பார்க்கிற இடமில்லை.

டோம்பிவிலி வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. கோவாவை விட்டுவிட்டோம். மகன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. இப்போது புதிதாக ஒன்று கேட்கிறான்: திவேஆகரில் கடற்கரை பல கிலோமீட்டருக்குத் தட்டையாக, கெட்டியாக இருக்குமாமே, காரை மணலில் இறக்கி ஓட்டலாமா என்று.

பழைய சுக்கானி

கூடாது. இதை நான் சொல்வதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

2014ல் ஒரு பௌர்ணமி. மகளுக்குக் கல்யாணமான புதிது. மாப்பிள்ளையின் கார், வாங்கி நான்கு மாதம். மாலை ஆறரைக்கு அவர் மணலில் இறக்கினார். அப்போது வற்றம், கடல் எங்கோ தூரத்தில் கிடந்தது. நிலா எழும்புவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று பாய் விரித்தார்கள். எனக்குத் தெரியும், இது சரியில்லை என்று. ஆனால் புது மாப்பிள்ளை. சொல்லக் கூச்சம். நாக்கு நுனிவரை வந்ததைச் சப்பாத்தியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

கடல் ஏறும் வேகம் எப்போதும் ஒன்றாக இருக்காது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு ஏறும். இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று. பிறகு மறுபடி இரண்டு, ஒன்று. படகோட்டி எவனுக்கும் இது மனப்பாடம். அந்த முதல் மணி நேரம்தான் ஏமாற்றுவது. ஏழரை வரை தண்ணீர் அசையவே இல்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் வீணாகக் கவலைப்படுகிறீர்கள்" என்றார். நான் வாய்திறந்து ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என் முகம் சொல்லியிருக்கிறது.

எட்டரைக்குப் பின் டயரைத் தண்ணீர் தொட்டது. கெட்டி மணல் என்று நினைத்தது களி மாதிரி இளகிவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்றக் கார் கீழேதான் போனது. கரை ஏறக்குறைய சமதரை, அதனால் செங்குத்தாக ஒரு முழம் ஏறினால் தண்ணீர் கிடைமட்டமாக எவ்வளவோ தூரம் ஓடிவரும். தோப்புக்குள் ஓடி, ஒரு வீட்டில் டிராக்டர் இருப்பதைப் பார்த்து, எனக்குத் தெரிந்த துறைமுக மராத்தியில் கெஞ்சினேன். அந்த மனிதர் அவசரமே படாமல் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கயிறு கட்டி இழுத்துப் போட்டுவிட்டு, நீங்கள் இந்த மாதத்தில் மூன்றாவது என்றார். காருக்குள் கதவு விளிம்புவரை உப்புத்தண்ணீர். மாப்பிள்ளையின் தாயாருக்கு இன்றுவரை இந்தக் கதை தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

31 வருடம் சுக்கான் பிடித்தவன் இருந்த வண்டிக்கு நேர்ந்தது இது. காரை ரோட்டோரச் சவுக்கு மரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து இறங்கச் சொல்லுங்கள்.

டோம்பிவிலி வாசி

நேற்று இரவு திரும்பினோம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மண்ட்வா கப்பலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சகஸ்ரநாமம் சொன்னார். அகர்தண்டாவில் கண்ணைத் திறந்துகொண்டார். பாக்மண்ட்லாவில் எங்களுக்கு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பக்கத்திலிருந்த மீன்காரப் பெண்ணிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் மராத்தியில் பதில் சொன்னார். இறங்கும்வரை ஓயவில்லை.

திவேஆகரில் வேறொரு குடும்பத்தின் பெரிய கார் மணலில் புதைந்து கிடந்தது, நாங்கள் போனபோது டிராக்டர் வந்துகொண்டிருந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை.

ஹரிஹரேஷ்வரில் 11.10க்கு இறங்கினோம், பாதை காய்ந்திருந்தது. அம்மா படியின் மேலேயே உட்கார்ந்துகொண்டார், நாங்கள் மட்டும் சுற்றி வந்தோம். ஆரவி ரோடு நீங்கள் சொன்னபடியே. வேளாஸில் பங்குனி ஆமைக் குஞ்சு பார்க்க முடியவில்லை. பிப்ரவரிக்கு மேல் வாருங்கள் என்றார்கள்.

அம்மா இப்போது காலண்டரும் கையுமாக இருக்கிறார். பிப்ரவரி 15 சிவராத்திரிக்கு மறுபடி ஹரிஹரேஷ்வர் போகவேண்டுமாம். பதினான்கை முக்காலால் பெருக்கிப் பத்தரை என்று நான் சொன்னேன். "அன்று பகலில் திரயோதசிதான் ஓடுகிறது, சதுர்த்தசி சாயங்காலம்தான் பிறக்கிறது, பதின்மூன்றால் பெருக்கு" என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய சுக்கானி

அம்மா சொல்வதுதான். ஒன்பதே முக்காலுக்கு ஏற்றம், நாலு மணிக்கு வற்றம். அமாவாசை நெருங்குவதால் ஏற்றமும் வற்றமும் இந்த முறையைவிடப் பெரிதாக இருக்கும். கூட்டமும் அப்படியே, அறையை இன்றே சொல்லிவையுங்கள்.